ஜெபிக்க வாய் வராத நாட்களில்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். 2024-இல் இங்கே மியான்மரில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எங்கள் ஒரே மகனைத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டோம். இப்போது சில வாரங்களாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மின்சாரம் இல்லாத இரவுகளில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெபிக்க வாய் வருவதில்லை. ஆலயத்தில் பாட்டுப் பாடும்போது உதடு மட்டும்தான் அசைகிறது. "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் பதில் கிடைக்கவில்லை" என்று சபையின் மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட எனக்குக் கிறிஸ்து உதவி செய்வாரா?
– ஒரு தாய், யாங்கோன்

பதில்: அன்புச் சகோதரி, செய்வார். அந்த மூத்தவர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் சுவிசேஷங்களில் இயேசுவிடம் உதவி பெற்றவர்களின் வரிசையைப் பார்த்தால் அவர் சொன்ன கணக்கு அங்கே செல்லாது.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், பிள்ளையின் நோயால் பல ஆண்டுகள் அலைக்கழிந்த ஒரு தகப்பன் வருகிறார். சீஷர்களாலும் கூடாமற்போன பின்பு, "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று சந்தேகத்தோடேதான் அவர் கேட்கிறார். பிறகு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறார். விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்ட அந்த மனிதரை, முதலில் போய் உன் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை அன்றே சுகமானான்.

இதைவிட எனக்கு ஆறுதல் தருவது லூக்கா 22:32. தம் சீஷர் பேதுரு சேவல் கூவுமுன் தம்மை மறுதலிக்கப்போவதை முன்னரே அறிந்த இயேசு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். பேதுரு அப்போது ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. சாவுக்கும் தயார் என்று வீரம் பேசிக்கொண்டிருந்தார், சற்றுப் பிறகு கெத்செமனேயில் தூங்கியும் போனார். சேவல் கூவிய அந்த இரவில் பேதுருவின் தைரியம் முழுவதும் போயிற்று என்றாலும், அவருக்காக ஏறெடுக்கப்பட்ட வேண்டுதல் போகவில்லை. உங்கள் வாய் அடைபட்டிருக்கும் இரவுகளிலும் உங்களுக்காக வேண்டுதல் செய்கிறவர் ஒருவர் உண்டு என்று எபிரெயர் 7:25 சொல்வது இதைத்தான்.

நம் மியான்மரிலேயே, அன்றைய பர்மாவிலேயே, ஊழியம் செய்த ஒருவரைப் பாருங்கள். வேதாகமத்தைப் பர்மிய மொழியில் தந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், 1824-இல் பர்மாவுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டபோது ஆவா நகரில் சிறைப்பட்டு, விலங்கோடு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கிடந்தார். வெளியே வந்த பின்பு, 1826-இல் மனைவி ஆன் இறந்தார்; ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் இறந்தாள். அதன்பின் ஜட்சன் மௌல்மீன் பக்கத்துக் காட்டில் குடிசை கட்டித் தனியே இருந்தார். தமக்கென ஒரு சவக்குழியைத் தோண்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று எழுதவும் செய்தார். பிரசங்க மேடைகளில் இந்தப் பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். அதே மனிதர் மெல்ல மெல்லத் தம் மேசைக்குத் திரும்பி 1834-இல் அந்த மொழிபெயர்ப்பை முடித்தார்.

ஆகவே நீண்ட ஜெபம் வேண்டாம். அந்தத் தகப்பனின் ஒற்றை வரி போதும். அதுவும் வராவிட்டால் மகனின் பெயரை மட்டும் சொல்லுங்கள். 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். வெளிச்சம் எதுவும் இல்லாமலே முடிகிற அந்தப் புலம்பலும் வேதத்தில் ஜெபமாகவே நிற்கிறது. அடுத்த ஞாயிறு, நீங்கள் நம்பும் ஒரு சகோதரியிடம், "எனக்கு ஜெபிக்க முடியவில்லை, நீ ஜெபி" என்று கேளுங்கள். மகனைப் பற்றித் தாய்லாந்தில் உள்ள நம்மவர்கள் மூலம் விசாரிப்பதையும் நிறுத்தாதீர்கள். தேடுவது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: வேலை போனதிலிருந்து என் தம்பி கடவுளே இல்லை என்பதுபோல் பேசுகிறான். எந்த வசனத்தைச் சொல்லி அவனைத் திருத்தலாம்?
– ஒரு வாசகர், மௌல்மீன்

பதில்: இப்போதைக்கு வசனம் வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கியபின்தான் கெட்டது. தம்பி வீட்டு அரிசிக்கு உங்களால் ஆனதைக் கொடுங்கள். அவர் சொல்ல முடியாத ஜெபத்தை அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். அப்படிச் செய்வதை அவரிடம் சொல்லிக்காட்ட வேண்டாம்.