'கேஷ்' நம்ம காசுதானா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் 'காசு'விலிருந்து போனது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையா, ஐயா?

பாதி உண்மை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு 'கேஷ்' இருக்கின்றன. இன்று ரொக்கம் என்ற பொருளில் எல்லோரும் சொல்லும் கேஷ் நம்முடையது அல்ல. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆகி, வணிகர்கள் பணம் வைக்கும் பெட்டிக்குப் பெயரானது. பிரெஞ்சிலும் அதே கதைதான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதற்குப் பெட்டி என்ற பொருள் இருந்தது. கொஞ்ச காலத்தில் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு கேஷ், நாணயத்தின் பெயர். அது நம் காசுதான், சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: ஒலி இவ்வளவு ஒத்துப்போகும்போது, முதல் கேஷும் தமிழ் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

காலக்கணக்கைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. அவர்கள் சென்னையில் கால் வைத்தது 1639. ஆனால் 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஐந்தாம் ஹென்றி நாடகத்திலேயே, பாக்கியைக் கேட்கும் கூட்டாளியிடம் பிஸ்டல் என்ற பாத்திரம் 'கேஷாகவே தருகிறேன்' என்று சொல்கிறது. லண்டன் மேடையில் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற சொல்லாக அது அப்போதே புழங்கியிருக்கிறது. தவிர, பெட்டி என்ற பழைய பொருளுக்கு நம் காசுவில் இடமே இல்லை.

தமிழுக்கு உள்ளபடியே உரிய பெருமை நிறைய இருக்கிறது. உரியதல்லாததையும் சேர்த்துக் கேட்டால், உரியதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

கேள்வி: சரி, அந்த இரண்டாவது கேஷ் எப்படிப் போனது?

போர்ச்சுக்கீசியர் வழியாக. இங்கே சில்லறை நாணயத்தைக் காசு என்று சொல்வதைக் கேட்டு, அவர்கள் அதை 'கைஷா' என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி! ஆங்கிலேயர் காதில் விழுந்தபோது, அவர்களிடம் ஏற்கெனவே இருந்த கேஷோடு அதுவும் ஒன்றாகிவிட்டது. அப்புறம் அந்தப் பெயர் கப்பலேறிச் சீனா வரை போனது. நடுவில் சதுர ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைக்கும் சீனச் செப்புக் காசுகளை ஆங்கிலத்தில் இன்றும் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள்.

என்னிடம் 1808ஆம் வருடத்து நாணயம் ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயம். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள், கீழே வருடம். திருப்பினால் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் என்பது நாலு ஃபலூஸ்' என்று இருக்கும் (ஃபலூஸ் என்பதும் செப்புக் காசின் பெயர்தான்). அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். பாரசீகத்தில் 'காஸ்', ஆங்கிலத்தில் 'கேஷ்', இரண்டுமே நம் சொல். அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். இதே காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவற்றில் ஏராளமானவை வெளியே எடுக்கப்பட்டன.

அன்றைய கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஆங்கிலப் பதிவுகளில் வரும் 'ஃபனம்' நம் 'பணம்'தான்.

கேள்வி: கேஷியர், கேஷ்யூ எல்லாம் இதே குடும்பமா?

கேஷியர் ஆமாம், பெட்டிக்காரர். ராணுவத்தில் ஒருவரைப் பதவி பறித்து வெளியேற்றுவதையும் அதே எழுத்தில் சொல்வார்கள், அது வேறு வேர். கேஷ்யூவுக்கு உறவே இல்லை. பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல் அது, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது.

கேள்வி: எங்கள் ஊர் ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சர்வர், 'கேஷ்ல குடுத்துடுங்க சார்' என்கிறார். கவுன்ட்டரைத்தான் சொல்கிறார். ஜிபே பண்ணினாலும் 'கேஷ்லதான்'! இது தப்பான ஆங்கிலம் இல்லையா?

தயவுசெய்து அவரைத் திருத்திவிடாதீர்கள். அவர் சொல்வது கல்லாப்பெட்டியை. அந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இருந்த பொருளும் அதுதான். லண்டன்காரர்கள் மறந்துவிட்டார்கள், நம் ஓட்டல்களில் அது நடமாடுகிறது. பாரிஸில் 'கெஸ்', ரோமில் 'காஸ்ஸா', பெர்லினில் 'காஸ்ஸ' என்று கடையில் பணம் கட்டும் இடத்தைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

கேள்வி: கேஷுக்கு நல்ல தமிழ் என்ன? பணம் போதுமா?

பணம் என்றால் வங்கியில் இருப்பதும் பணம்தான். கையில் எண்ணிக் கொடுப்பதற்கு ரொக்கம். தயங்காமல் எழுதுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாவற்றுக்கும் காசு என்றுதான் கதைப்போம். சென்னையில் பணம் என்கிறார்கள். காசு என்ற சொல் எவ்வளவு பழையது?

உங்கள் பேச்சுக்குத் தேவாரமே சாட்சி. 7ஆம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியாருக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்ததாகச் சொல்வார்கள். அப்பரின் காசு கடையில் முழு மதிப்புக்குப் போனது. சம்பந்தரின் காசுக்கு வட்டம், அதாவது மதிப்பில் கழிவு, பிடித்துக்கொண்டார்கள், அதற்குத்தான் வாசி என்று பெயர். அவர் நேரே சிவனிடமே கேட்டுவிட்டார்: 'வாசி தீரவே காசு நல்குவீர்.'