ரிமோட் பாய்ப்படகுப் பந்தயம்: கேளுங்கள், சொல்கிறேன்

இங்கிலாந்தில் ஒரு மாடல் படகு கிளப்பில் ஐஓஎம் என்ற ரிமோட் பாய்ப்படகு ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளப் ரெகாட்டா (படகுப் பந்தயம்) என்று படகின் படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் இங்கே.

கே (மதுரை): ஐஓஎம் என்றால் என்ன அண்ணா? மோட்டார் உண்டா?

ப: இன்டர்நேஷனல் ஒன் மீட்டர். 1988-இல் வந்த வகுப்பு. நீளம் ஒரு மீட்டர், எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது. அதில் பாதிக்கு மேல் கீலும் (படகின் அடியில் நீரில் இறங்கும் தகடு) அதன் அடியில் தொங்கும் ஈயக்குண்டும்தான். படகைத் தள்ள மோட்டார் கிடையாது. ரிமோட்டில் இரண்டே வேலை: ஒரு குச்சி சுக்கானுக்கு, இன்னொன்று பாய்க்கயிற்றை இழுக்கவும் விடவும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். சில நாள் பார்த்துக்கொள்ளாது.

கே (சிங்கப்பூர்): காசைக் கொட்டுகிறவர்தானே ஜெயிப்பார்?

ப: அதைக் கட்டுப்படுத்தத்தான் விதிகளே இருக்கின்றன. உடல்பகுதியில் கார்பன் ஃபைபர் கூடாது, பாய்மரத்திலும் கூடாது. ஆனாலும் புதியவருக்கு ஐஓஎம் வேண்டாம் என்பேன். 65 செ.மீ. நீளமுள்ள டிராகன்ஃபோர்ஸ் 65 வாங்குங்கள். எல்லாரிடமும் ஒரே படகு, தோற்றால் படகைக் குறை சொல்ல வழியில்லை.

கே (சென்னை): சார், ஸ்டார்ட்டிலேயே பின்தங்கிவிடுகிறேன். அப்புறம் எழுந்திருக்கவே முடிவதில்லை.

ப: பாதிப் பந்தயம் அங்கேதான் முடிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒலிபெருக்கியில் ஒரு நிமிடக் கவுண்ட்டவுன் ஓடும். கடைசிப் பத்து நொடியை ஒவ்வொன்றாக எண்ணும். கவுண்ட்டவுன் தொடங்குவதற்கு முன்பே ஸ்டார்ட் கோட்டின் நடுவில் படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். மூக்கு கோட்டின் எந்த முனைப் பக்கம் சாய்கிறதோ, அந்த முனையில் தொடங்குபவருக்கு லாபம். எல்லாரும் அங்கேயே முண்டியடித்தால் சற்றுத் தள்ளித் தொடங்குங்கள். நெரிசலில் சிக்கினால் அந்த லாபமும் போச்சு.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். கரையில் ஸ்டார்ட் கோட்டின் நேர் நீட்சியில் நில்லுங்கள். அதிலிருந்து விலகி நின்று பார்த்தால் கோட்டைத் தாண்டிவிட்டதா என்பது தெரியாது.

கடைசி அரை நிமிடத்தில் ஸ்டார்போர்டு டாக்கில், அதாவது காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு, பாயைத் தளர்த்தி மெதுவாக வாருங்கள். காற்று போகும் பக்கம் ஒரு படகு நுழையும் அளவுக்கு இடம் வைத்திருங்கள். ‘பூஜ்யம்’ கேட்ட பிறகு பாயை இழுத்தால் தாமதம். நாலு கிலோ படகு வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், இரண்டு மூன்று நொடி முன்பே இழுக்க வேண்டும். பூஜ்யத்துக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டால் எவரையும் தடுக்காமல் திரும்பி வந்து மறுபடி கோட்டைக் கடக்க வேண்டும்.

கே (யாழ்ப்பாணம்): அண்ணை, படகு என்னை நோக்கி வரேக்க இடம் வலம் மாறிப்போகுது. என்ன செய்யிறது?

ப: எல்லாருக்கும் வருகிற குழப்பம். உங்கள் பார்வையில் படகு எந்தப் பக்கம் விலகுகிறதோ, அதே பக்கம் குச்சியைத் தள்ளுங்கள். நேராகிவிடும்.

கே (துபாய்): இரண்டு படகு முட்டினால் யார் தப்பு?

ப: ஸ்டார்போர்டு டாக்கில் வருபவருக்கு வழி. போர்ட் டாக்கில் வருபவர் ஒதுங்க வேண்டும். இருவரும் ஒரே டாக்கில் அருகருகே இருந்தால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலகவேண்டும். திரும்ப வேண்டிய மிதவையைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் தனி விதி. பெரிய படகுகளுக்கு அந்த வட்டம் மூன்று படகு நீளம், நமக்கு நான்கு. தப்பு செய்தவர் விலகிப்போய் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கணக்குத் தீர்ந்தது. சுற்றிய பிறகும் அந்தத் தப்பால் லாபம் மிஞ்சினால் இன்னொரு சுற்று.

எதிராளி தப்பு செய்தார் என்றால் உடனே உங்கள் பாய் எண், ‘புரொடெஸ்ட்’, அவர் பாய் எண் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த ஆள் தோளுரசும் தூரத்தில்தான் நிற்பார். கத்த வேண்டியதில்லை, ஆனால் கத்துவார்கள்.

கே (கோவை): நடுப் பந்தயத்தில் காரணமே இல்லாமல் வேகம் குறைகிறது.

ப: கீலில் பாசி. பத்தில் ஒன்பது முறை அதுதான். பாயைத் தொடாதீர்கள், ஒழுங்காக இருந்ததையும் கெடுத்துவிடுவீர்கள். படகைக் காற்றுக்கு நேராக நிறுத்திச் சற்றுப் பின்னோக்கி நகரவிட்டால் சில நேரம் கழன்றுவிடும். இல்லையென்றால் அடுத்த பந்தயத்துக்கு முன் கையால் எடுக்க வேண்டியதுதான்.

கே (லண்டன்): ஏ, பி, சி ரிக் எப்போது மாற்றுவது?

ப: ரிக் என்றால் பாய்மரத்தோடு சேர்ந்த பாய் செட். மூன்றும் தனித்தனி, ஏ பெரியது, சி சிறியது. காற்று முதுகில் அடிக்கும்போது மூக்கு தண்ணீருக்குள் குத்தித் மேல்தளம் நனைந்தால் சிறியதற்கு மாற்றுங்கள். காற்றளக்கும் கருவியை விட அது நம்பகமானது.

கே (திருச்சி): முப்பது பேர் வந்தால் எல்லாரையும் ஒன்றாகவா விடுவார்கள்?

ப: இல்லை. ஏ, பி என்று இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதலில் பி ஓடும். அதில் முன்னால் வரும் சிலர் உடனே ஏ-யில் சேர்ந்து ஓடுவார்கள். ஏ-யில் கடைசியாக வரும் அத்தனை பேர் அடுத்த முறை பி-க்கு இறங்குவார்கள்.

கே (வேலூர்): எங்கள் ஊர் ஏரியில் விடலாமா ஐயா?

ப: கீல் 42 செ.மீ. வரை ஆழம் இறங்கும். கரையோரமே முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி என்றால் மறந்துவிடுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, படகு நடுவில் சிக்கினால் எடுத்துவர ஒரு பரிசலுக்கும் ஆள் சொல்லிவையுங்கள்.