ஒரு இரவு மட்டும் தெருவில் படுத்து, வீடற்றவர்களுக்காக நிதி திரட்டுவதில் உண்மையிலேயே பயன் உண்டா? நீங்கள் செய்ததுண்டா?

செய்திருக்கிறேன். ஒரு வருடம் படுத்து, மறு வருடம் படுக்காமல். இரண்டு வருடமும் வந்த பணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கணக்கு எனக்கே இன்னும் ஜீரணமாகவில்லை.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வெளிநாடுகளில் இது பழகிப்போன சங்கதி. ஆஸ்திரேலியாவில் 2006-இல் சிட்னி பக்கம் கம்பெனி அதிகாரிகளை ஒரு குளிர்கால இரவு வெளியே படுக்க வைத்துப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். 2017 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரே பூங்காவில் எட்டாயிரம் பேர் உறைகிற குளிரில் படுத்தார்கள். "இன்ன தேதி நான் வெளியில் படுக்கப் போகிறேன், ஆளுக்கு இவ்வளவு போடுங்கள்" என்று தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் முறை. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களுக்கு அலகு குத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த சேலத்துக்காரனுக்கு இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. ஒருவர் உடம்பை வருத்துகிறார், பார்க்கிறவர் காசு போடுகிறார்.

எங்களுடையது காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்கிற கோஷ்டி. பதினான்கு பேர். லண்டனில் இருக்கும் என் அக்கா மகன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் புழு மாதிரி சுருண்டு கிடக்கும் போட்டோவை அனுப்பி, "மாமா, சேலத்துல நீங்களும் செய்யுங்க" என்றான். நடக்கும்போது சொன்னேன், பிடித்துக்கொண்டார்கள். ஏற்காடு அடிவாரம் போகிற வழியில் வீடற்ற முதியவர்களுக்குக் காப்பகம் நடத்தும் சின்ன அறக்கட்டளை ஒன்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கொடுப்பதாக முடிவு. 2023 ஜனவரி, பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை.

வீட்டில் பெரியப்பாதான் மடக்கினார். "காசு வேணும்னா நேரா கேளுடா, தர்றேன். அதுக்கு ரோட்ல போய்ப் படுக்கணுமா? பாக்கறவன் என்ன நெனைப்பான்?" பத்தாயிரம் தந்தார். தெருவில் படுக்காதிருந்தால் ஐந்நூறு தந்திருப்பார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களில் ஒருவருக்கு மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. அந்த வரிசையில் ஷட்டர்களுக்கு முன்னால் நீளமாக ஒரு திண்ணை, மேலே தகரக் கூரை. அனுமதிப் பிரச்சினை இல்லை என்று அங்கேயே வைத்துக்கொண்டோம். பத்தரை மணிக்கு யோகா பாய், ஓடோமாஸ், பிளாஸ்கில் டீ, பரோட்டா பார்சல், ஒரு சின்ன பிளெக்ஸ் சகிதம் போய் இறங்கினோம். ஆமாம், பிளெக்ஸ். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டாயிற்று. ஜிபேயில் டிங் டிங் என்று விழுந்துகொண்டே இருந்தது.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு ஆயா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு ஒயர் கூடை, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. எங்களைப் பார்த்தார், பிளெக்ஸைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார். எதிர்ச் சாரியில் கூரை கிடையாது. யாரோ வழிப்போக்கர் என்று நான் பரோட்டாவைப் பிரித்தேன்.

பன்னிரண்டரைக்குக் கொசுவோடு மல்லுக்கட்ட முடியாமல் எழுந்து நடந்தபோதுதான் அவர் இன்னும் படுக்காமல் குந்தியிருப்பதைக் கவனித்தேன். ஏன் ஆயா தூங்கவில்லை என்று கேட்டேன்.

"அட்டை அங்க இருக்குது சாமி."

"எங்க?"

"நீங்க படுத்திருக்கீங்களே, அந்த ஷட்டருக்கும் செவுத்துக்கும் எடையில."

நான் தலை வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் மடித்துச் சொருகிய பிரிட்ஜ் பெட்டி அட்டை. இரண்டு வருடமாக அது அவருடைய இடம். வீடற்றவர்களுக்காகப் படுக்க வந்து, அதில் ஒருவரை அவர் படுக்கும் இடத்திலிருந்து கிளப்பிவிட்டிருக்கிறோம். அவர் மட்டுமல்ல, இன்னும் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக ஆயா சொன்னார். "என்னமோ கட்சிக்காரங்க உண்ணாவெரதம்னு நெனச்சோம்."

எழுப்ப வேண்டியவர்களை எழுப்பி, முக்கால்வாசித் திண்ணையைக் காலி செய்தோம். பரோட்டா சாப்பிட்டு அசந்து தூங்கிய ஆட்களை எழுப்புவது அப்படியொன்றும் சுலபமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு ஆயா படுக்கை போட்டதை உட்கார்ந்து பார்த்தேன். அட்டையை விரித்தார். பிரிட்ஜ் அட்டைதான் வேண்டுமாம், டிவி அட்டை மெல்லிசு, தரையின் ஜில்லிப்பு ஏறிவிடும். அதன் மேல் பிரித்துத் தைத்த சாக்கு. செருப்பைக் கழற்றி பாலிதீன் கவரில் சுற்றி அட்டைக்கு அடியில், தலைமாட்டில் வைத்தார். வெளியே விட்டால் காலையில் இருக்காது. கட்டைப்பையின் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தக் கையை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்துகொண்டார்.

"நீங்க எப்படியும் தூங்க மாட்டீங்கல்ல?"

"இல்லைங்க ஆயா."

"அப்ப இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

பையை அவிழ்த்து என் பக்கத்தில் வைத்தார். மணிக்கட்டில் கறுப்பாக ஒரு தடம் இருந்தது, வளையல் போட்டுப் போட்டு வரும் தடம் மாதிரி. மல்லாந்து படுத்தார். இரண்டு மணிக்கு வெல்ல லாரி வந்து, "ஏய் பாத்து, பாத்து விடு" என்று லோடுமேன்கள் போட்ட சத்தத்தில் என் நண்பர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆயா அசையவில்லை. ஐந்தரை வரைக்கும் ஒரே தூக்கம்.

நான் அந்த இரவில் தெரிந்துகொண்டது குளிர் பற்றியோ கொசு பற்றியோ அல்ல. சேலத்தில் ஜனவரியிலும் குளிர் பெரிதாகக் கொல்லாது. ஏற்காட்டு மலைப் பக்கமிருந்து மூன்று மணிக்கு ஒரு காற்று இறங்கும், அவ்வளவுதான். வெளியில் படுக்கிறவர்களுக்குத் தூக்கம் என்பதே அரைக் காவல் வேலை. கடை அடைக்கப் பதினொன்று ஆகும், ஐந்தரைக்கு வாசல் தெளிக்கத் தண்ணீரோடு வந்துவிடுவார்கள். நடுவில் கிடைப்பது ஆறரை மணி நேரம். அதிலும் ஒரு காது பையின் மேல், ஒரு காது ரோந்து பைக்கின் மேல். ரோந்து வந்தவர் எங்களிடம் "என்ன சார் விசேஷம்?" என்றார். எதிர்ச் சாரியில் லத்தியால் ஷட்டரைத் தட்டிக்கொண்டே போனார்.

பையில் அப்படி என்ன இருக்கிறது என்று காலையில் டீ குடிக்கும்போது ஆயாவே காட்டினார். ஆதார், பெரியாஸ்பத்திரி ஓபி சீட்டு, சர்க்கரை மாத்திரை, ஒரு சேலை, எவர்சில்வர் டம்ளர், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். முன்பு ஒரு தடவை பை போய்விட்டதாம். மறுபடி ஆதார் வாங்க எட்டு மாதம் அலைந்திருக்கிறார். கேட்ட இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "வீட்டு அட்ரஸ் சொல்லும்மா." ஏழு மணிக்கு அம்மா உணவகம் திறந்ததும் ஒரு ரூபாய் இட்லி நாலு சாப்பிட்டுவிட்டு, மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கப் போய்விடுவார். உழைக்காதவர்கள்தான் ரோட்டில் கிடப்பார்கள் என்று எங்கள் குரூப்பில் அடிக்கடி பேசும் ஒருவர், அன்றைக்கு அவரோடு மார்க்கெட் வரை நடந்து போய் வந்தார். அப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

சரி, காப்பகத்துக்குப் போக வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும், அது வருடம் முழுவதும், இருபத்துநாலு மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதே கணக்கைத்தான் வைத்துக்கொண்டது. 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் இங்கே எட்டுக் காப்பகமாவது வேண்டும். ஆனால் காப்பகம் இருந்தாலும் போகாதவர்களுக்குக் காரணம் இருக்கிறது. லோடு இறங்குவது இரவு இரண்டு மணிக்கு. அந்த நேரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பவனுக்குத்தான் கூலி. ஆண்களுக்கு ஒரு இடம், பெண்களுக்கு ஒரு இடம் என்றால் புருஷன் பெண்டாட்டி பிரிய வேண்டும். தவிர, அங்கே படுத்திருந்த லோடுமேன்களில் ஒருவருக்கு தர்மபுரி பக்கம் சொந்த வீடே இருக்கிறது. இங்கே வாடகை கொடுத்தால் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது, அதனால் வாரத்தில் ஆறு நாள் திண்ணை. அவரை வீடற்றவர் என்று சொல்வதா, கூடாதா? அரசு ஆஸ்பத்திரி வாசலில் துணைக்கு வந்து படுத்திருப்பவர்களை எதில் சேர்ப்பது? 2011-இல் இந்தியா முழுவதும் வீடற்றவர்கள் 17.7 லட்சம் என்று எண்ணினார்கள். அதை எண்ணியதும் பிப்ரவரி 28 அன்று ஒரே ஒரு இரவில்தான்.

ஆயாவுக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்தபோது காப்பகத்து மேலாளர் ஒரு விஷயம் சொன்னார், எனக்கு அதுவரை தெரியாது. வீடற்றவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று கட்டாயமில்லை. படிவம் 6-இல் தான் படுக்கும் இடத்தை எழுதிக்கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து, ஆள் அங்கே தூங்குகிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். ஆயாவிடம் சொன்னதும் சிரிப்பு தாங்கவில்லை. "நான் தூங்கறத ஆபீசர் வந்து பாப்பாரா? நான் எப்ப சாமி தூங்குனேன்?"

இனி பணம். முதல் வருடம் மொத்தம் 1,86,400 ரூபாய். போர்வை வாங்கிக் கொடுக்கலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். மார்கழி தையில் எல்லாரும் போர்வைதான் தருகிறார்களாம். பகலில் அதை எங்கே வைப்பது? தூக்கிக்கொண்டு திரிய முடியாமல் இருநூறுக்கு விற்றுவிடுவார்கள். "அட்வான்ஸ் குடுங்க சார்" என்றார். லைன் வீட்டில் ஒற்றை அறைக்கு மாத வாடகையை எப்படியாவது கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்தாயிரம் அட்வான்ஸை ஒரே தடவையில் எடுத்து வைக்கத்தான் முடிவதில்லை. எட்டுப் பேருக்கு அட்வான்ஸ் கட்டினோம். ஐந்து பேர் இன்னும் அந்த அறைகளில் இருக்கிறார்கள். இரண்டு பேர் நாலைந்து மாதத்தில் திண்ணைக்கே திரும்பிவிட்டார்கள். ஒருவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு எங்கே போனார் என்று தெரியாது. மீதிப் பணத்தில் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ரூம் பிடித்து, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிகள் இருபது. பகலோ இரவோ பையை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். ஆயாவுக்கு ஏழாம் நம்பர் பெட்டி. தனி அறைக்கு அவர் வரவில்லை, "ஒத்தையில படுத்தா பயமா இருக்குது" என்றுவிட்டார்.

மறு வருடம் புத்தி வந்தவர்களாக, யாருடைய இடத்திலும் போய்ப் படுக்க வேண்டாம், நடந்ததை எழுதியே பணம் கேட்போம் என்று முடிவு செய்தோம். எட்டு வீட்டுக் கணக்கு, பெட்டி ரூம் கணக்கு, ரசீது எல்லாம் போட்டு அழகாக எழுதி அனுப்பினோம். வந்தது 41,500. பெரியப்பா ஐந்நூறு.

ஆக, பயன் உண்டா என்றால், படுத்தால் உண்டு. நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, ஜனங்கள் கணக்குக்குக் கொடுப்பதில்லை, கிடந்து காட்டினால் கொடுக்கிறார்கள். இதை வேடிக்கை காட்டுவது என்று திட்டுகிறவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் 1,44,900 ரூபாய், அதாவது பத்து அட்வான்ஸ். அதனால் வரும் தை மாதம் மறுபடி படுக்கப் போகிறோம். திண்ணையில் இல்லை, எதிர்ச் சாரியில், கூரை இல்லாத பக்கம். பரோட்டா கிடையாது. ஷிப்டுக்கு இரண்டு பேர் விழித்திருந்து திண்ணைக்காரர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி கிடைக்காதவர்கள் இன்னும் நிறையப் பேர்.

போன வாரம் ஆயாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தேதிய முன்னாடியே சொல்லிருங்க சாமி. அதுக்கு மொத நாளு நைட்டு வெங்காய லோடுக்கு ஒத்துக்கறேன். ரெண்டு நாள் தூக்கத்தையும் சேத்து அன்னைக்குத் தூங்கிக்கலாம்."