ஹவுஸ் சர்ஜன் வருஷம் எம்.டி.யில் கழியுமா?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் செய்யும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வருஷம் எம்.டி. மேற்படிப்பின் 3 வருஷத்தில் கழியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழியாது. அது எம்.பி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தது: நாலரை வருஷப் படிப்பு, பிறகு 12 மாதப் பயிற்சி, அதன்பின்தான் டாக்டராக நிரந்தரப் பதிவு. இங்கே ஹவுஸ் சர்ஜனை 'இன்டர்ன்' என்றும் சொல்வோம்; அமெரிக்காவில் 'இன்டர்ன்' என்றால் ரெசிடென்சியின், அதாவது மேற்படிப்புப் பயிற்சியின், முதல் வருஷம். பெயர் ஒன்று, இடம் வேறு.

பலர் சறுக்குவது லீவில்தான். அனுமதி மொத்தம் 15 நாள். மீறினால் பயிற்சி நீளும், எம்.டி. சேர எழுதும் நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வின் அறிவிப்பில் சொல்லும் கடைசித் தேதிக்குள் பயிற்சி முடியாவிட்டால் அந்த வருஷமே போச்சு.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிரசவ வார்டு போஸ்டிங் என்றால், பார்த்த பிரசவத்தை அன்றன்றே லாக் புக்கில் எழுதி, போஸ்டிங் முடியும் நாளிலேயே யூனிட் சீஃபிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போனால் அலைச்சல்தான். நைட் டூட்டிக்கு நடுவே நீட் பி.ஜி.க்குப் படிக்க நேரம் கிடைப்பது கஷ்டம். கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) போஸ்டிங்கின் 12 வாரத்தை அதற்கு ஒதுக்குங்கள்.