நாங்கூழுக்கு அகராதி எதற்கு?

அன்புள்ள ஐயா,

கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் இருந்து எழுதுகிறேன். எம்.ஏ. தமிழில் எங்களுக்குச் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து அதில் இல்லாமல் போயிருந்தால் இந்த நாடகத்தை இன்று யாராவது நினைப்பார்களா? கதை ஆங்கில எழுத்தாளர் லிட்டனுடையது. மேடைக்கு ஆகாது. ‘நாங்கூழ்’ என்ற சொல்லுக்குக்கூட அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவு புகழ் இதற்குத் தகுமா?

— ஒரு மாணவி

அன்பு மகளே,

கதை லிட்டனிடம் எடுத்தது என்பதைச் சுந்தரம் பிள்ளையே முன்னுரையில் சொல்லிவிட்டார். படிப்பதற்கென்று எழுதிய நாடகம் அது, மேடையை விடு. கதாநாயகி மனோன்மணியைவிடச் சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனுக்குத்தான் உயிர் அதிகம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாறசாலையில் இருந்துகொண்டு நாங்கூழுக்கு அகராதியா? பக்கத்து வீட்டு அம்மச்சியிடம் ஒரு மண்புழுவைக் காட்டிக் கேட்டிருக்கலாமே. ‘ஞாஞ்ஞூல்’ என்று சொல்லியிருப்பார். ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர் 1891இல் எழுதிய நூல் இது. அதில் சேரனும் பாண்டியனும் மோதுவதே எங்கள் நாஞ்சில் நாட்டு வயல்களுக்காகத்தான். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது நீங்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அதனால் சொல்லும் அன்னியமாகிவிடுமா? நீ நோட்ஸைப் படித்திருக்கிறாய், நாடகத்தைப் படிக்கவில்லை.

என் அப்பா பூதப்பாண்டிப் பக்கம் வயல் வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பரீட்சைக்காக நான் திண்ணையில் உட்கார்ந்து, நாடகத்தில் வரும் நடராசன் அந்தப் புழுவிடம் பேசுவதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். “எம்மண் ணாயினும் நன்மண் ஆக்குவை.” அப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். மண்ணைத் தின்று மெழுகுபோலச் சேறாக்கி வெளியே கொண்டுவரும் புழு, புகழ் வேண்டாதவர் மாதிரி, ஒரு சிறு உருண்டையால் தன் குழியை மறைத்துக்கொள்கிறது என்ற இடம் வந்தது.

“திரும்பப் படி மக்கா.”

படித்தேன்.

“ஆருலே எழுதுனது? வெள்ளாமைக்காரனா?”

“இல்லப்பா, காலேஜ் வாத்தியார்.”

“அப்பம் குனிஞ்சு பாத்திருக்காரு.”

மண்புழுவைப் பற்றி டார்வின் எழுதிய புத்தகம் 1881இல் வந்தது. பேராசிரியர் அதைப் படித்திருக்கலாம். ஆனால் புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்து எழுதியிருந்தால் அப்பா கண்டுபிடித்திருப்பார். வரப்பில் அந்த உருண்டையை வருடக்கணக்காக மிதித்து நடந்தவர் அவர்.

மழை விட்டதும் உன் வீட்டு வாழைமூட்டில் குனிந்து தேடு. கிடைத்தால் அந்தப் பகுதியை அங்கேயே நின்று சத்தமாகப் படித்துவிட்டு, அப்புறம் எனக்கு எழுது.