யார் கேட்பதற்காக வாசிக்கிறான் உங்கள் மகன்?

கேள்வி: என் மகனுக்கு வரும் டிசம்பரில் ஆறு வயது. அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க முடிவு செய்திருக்கிறோம். ஆங்கில வாசிப்புக்கு முதலில், எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துப் படிக்கப் பழக்கும் ஒலிமுறைப் பாடத்திட்டம் ஒன்றை வாங்கி நான்கு மாதம் நடத்தினேன். அதில் வெறும் சின்னச் சின்னச் சொற்கள்தான், கேட்க நன்றாக இல்லை. அதனால் கதைப் புத்தகங்கள் உள்ள இன்னொன்றுக்கு மாறினேன். இப்போது மூன்றாவதாக ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், 600 வெள்ளி. தினமும் சாயங்காலம் அவன் ஒரு பக்கம் படிப்பதைக் கைபேசியில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். தப்பில்லாமல் வரும்வரை நாலைந்து தடவை எடுப்போம். என் கணவர் வேலையிடத்தில் இருந்தே பார்த்துவிட்டுக் கைதட்டல் படம் போடுவார். ஊரில் மாமனாருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனால் அதே சொல்லைப் பேருந்து நிறுத்தத்திலோ கடையிலோ காட்டினால் அவனுக்குத் தெரியவில்லை. தமிழைப் பிறகு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பாடத்திட்டத்தை வாங்கலாம்?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்:

நீங்கள் கேட்டது பாடத்திட்டத்தைப் பற்றி. நான் பேசப்போவது அந்த நாலைந்து தடவையைப் பற்றி.

பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. பாடத்திட்டப் பெட்டியின் பெயரும் விலையும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். "கவலைப்படாதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் படித்துவிடுவார்கள்" என்று நான் எழுதுவதில்லை. கவலைப்படவேண்டிய விஷயம்தான். தப்பான இடத்தில் கவலைப்படுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரே பக்கத்தை நாலைந்து தடவை உரக்கச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? மனப்பாடம் ஆகும். முதல் தடவை தடுமாறுவான், நீங்கள் எடுத்துக்கொடுப்பீர்கள். இரண்டாம் தடவை படத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்வான். நாலாவது தடவை எழுத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. பழைய வீடியோ ஒன்றைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு, அவன் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். வாசிப்பு என்று ஏதாவது நடந்திருந்தால் அது அந்த முதல் தடவையில்தான் நடந்தது. அதைத்தான் நீங்கள் தினமும் அழித்துவிடுகிறீர்கள்.

பேருந்து நிறுத்தத்தில் சொல் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். அங்கே படம் கிடையாது, முந்தின வரி கிடையாது, எடுத்துக்கொடுக்க நீங்களும் கிடையாது.

சந்தேகமாக இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நேற்றைய வீடியோவில் அவன் படித்த பக்கத்தில் இருந்து பத்துச் சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதுங்கள். குலுக்கிக் காட்டுங்கள். அப்புறம் பொருளே இல்லாத சொற்கள் நாலைந்தையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள், பிம், விப் என்பது போல. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புச் சோதனை நடத்துகிறார்கள். மொத்தம் 40 சொற்கள், அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. காரணம் எளிது: இல்லாத சொல்லை யாராலும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. எழுத்தை ஒலியாக்கிச் சேர்க்கத் தெரிந்த பிள்ளை மட்டும்தான் அதைப் படிக்கும்.

இப்போது முதல் பெட்டிக்கு வருகிறேன். "கேட்க நன்றாக இல்லை" என்று அதை மூடி வைத்திருக்கிறீர்கள். யார் கேட்க, அம்மா? பிள்ளைக்குச் சலிப்பாக இருந்தது என்றோ கஷ்டமாக இருந்தது என்றோ நீங்கள் எழுதவில்லை. கேட்பவர்களுக்கு நன்றாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் இருக்கும் மாமனாரும் குழுவில் இருக்கும் நாத்தனார்களும் ரசிக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை மாற்றுவது என்ன நியாயம்?

அந்தச் சின்னச் சொற்களில்தான் வேலையே நடக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ ஏறக்குறைய 44. எழுத்தைப் பார்த்ததும் ஒலி தானாக வருவதில்லை, சொல்லித்தர வேண்டும். அதனால்தான் பல ஒலிமுறைத் திட்டங்கள் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளோடு தொடங்குகின்றன. அந்த ஆறு ஒலியைப் பிடித்துக்கொண்டாலே சிட் (sit), பின் (pin), டாப் (tap), நாப் (nap) என்று பிள்ளை தானாகச் சேர்த்துப் படிக்கும். கேட்கிறவருக்கு அது ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு அது முதல் அடி. நடக்கப் பழகியபோது தத்தித் தத்தி வைத்த அடியை வேண்டாம் என்று அழித்தீர்களா? கதைப் புத்தகத்தை நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், நிறைய. அவன் படிக்கவேண்டியது அந்தச் சின்னச் சொற்களை.

என் மூத்த மகளை வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் நிறுத்திச் செய்யுள் சொல்லவைத்தவள் நான். ஒரு தீபாவளியன்று விருந்தாளிகள் வந்ததும் அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் அவளை நிறுத்தியதில்லை. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். "முடிவு செய்திருக்கிறோம்" என்று இரண்டு பேர் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்க அவர் செய்தது கைதட்டல் படம் போட்டது ஒன்றுதான். வீட்டில் கற்பிப்பது என்று முடிவெடுத்த தகப்பனுக்கு அதில் பாதிக் கடமை இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் கால்மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும். அவன் தடுமாறும்போது அவசரப்பட்டுச் சொல்லிவிடாமல் காத்திருக்கட்டும். நாளெல்லாம் உங்கள் ஒருவரின் முகத்தையே பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய மாற்றம்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 2003இல் கட்டாயக் கல்வி நடப்புக்கு வந்ததில் இருந்து, வீட்டில் கற்பிக்கக் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெறவேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயைப் பிள்ளை எழுதியாகவேண்டும். அதில் தேசியப் பள்ளி மாணவர்களின் 33ஆவது சதமான அளவையாவது எட்டவேண்டும். அதாவது நூறு பேரைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினால் 33ஆவது பிள்ளை நிற்கும் இடத்தையாவது. இந்தக் கணக்கில் தாய்மொழியும் உண்டு. "தமிழைப் பிறகு" என்று நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டது உங்கள் மகனுடைய நான்கு பாடங்களில் ஒன்றை.

தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை. இங்கே வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 2010 கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020இல் 27.3. இந்த எண் இறங்குவது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். 247 எழுத்து என்று பயந்து தள்ளிப்போட்டிருப்பீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் வசப்பட்டுவிட்டால் 216 உயிர்மெய்யும் அவற்றின் சேர்க்கைதானே. ஆனால் ஒன்று: கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க', மூன்றிலும் ஒலி வேறு. காதில் தமிழ் விழுந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏழு வயதுவரை காதில் விழாத பிள்ளைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். அதனால் எழுத்துக்குக் காத்திருந்தாலும் பேச்சுக்குக் காத்திருக்காதீர்கள். கட்டுமான இடத்து அபாயப் பலகையில் நான்கு மொழி இருக்கிறது, நின்று தமிழ் வரியைக் காட்டுங்கள். மாமனார் வீடியோ கேட்டால், "நீங்களே கூப்பிடுங்கள் மாமா, அவன் பேசுவான்" என்று சொல்லுங்கள். தாத்தா பேரனுக்கு ஒரு கதை சொல்லட்டும். கைதட்டுவதைவிட அது அவருக்கும் நிறைவாக இருக்கும்.

600 வெள்ளியைக் கட்டாதீர்கள். முதல் பெட்டியைத் திறந்து, விட்ட இடத்தில் இருந்து இல்லாமல் முதல் பாடத்தில் இருந்து தொடங்குங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எந்தச் சொல்லில் நின்றான், எவ்வளவு நேரம் நின்றான், யாரும் சொல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தான் என்று எழுதுங்கள்.