எஸ்தோனியாவின் நார்வா நகரில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசுவது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரே ஆள் மாறிப்போனதுதான் காரணம்.

பெய்ப்சி ஏரியில் புறப்பட்டுப் பின்லாந்து வளைகுடாவில் கலக்கும் நார்வா ஆறுதான் இங்கே எஸ்தோனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் எல்லை. மேற்குக் கரையில் நார்வாவின் ஹெர்மன் கோட்டை. எதிர்க்கரையில் 1492-இல் மாஸ்கோ மன்னர் மூன்றாம் இவான் கட்டிய இவான்கோரோத் கோட்டை. இரண்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கும். டேனியர், ஜெர்மானிய வீரத்துறவிகள், சுவீடன்காரர்கள் என்று பலர் கைமாறிய நார்வாவை 1704-இல் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் பிடித்தார்.

சோவியத் ரஷ்யாவோடு எஸ்தோனியா செய்துகொண்ட 1920-ஆம் ஆண்டின் தார்த்து ஒப்பந்தப்படி இரு கரைகளும் எஸ்தோனியாவுக்கே வந்தன. ஆனால் 1944-இல் குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமானது. வெளியேறியவர்களை, எஸ்தோனியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட சோவியத் அரசு திரும்பிவர விடவில்லை. ஆலைகளுக்கு ரஷ்யாவிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. இவான்கோரோதையும் 1945-இல் ரஷ்யாவோடு சேர்த்துவிட்டது. இரு கரைகளும் சோவியத் ஒன்றியத்துக்குள்ளேயே இருந்ததால், அப்போது ஆறு வெறும் நிர்வாகக் கோடுதான். பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வருவார்கள்.

1991-இல் எஸ்தோனியா விடுதலை பெற்றதும் அதே கோடு நாட்டெல்லையாகிவிட்டது. அப்புறம் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையும் ஆனது. மக்கள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள். இன்றும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழிக்காரர்கள்தான்.